தரங்கம்பாடியைக் கீறிய நோர்வே ஆளுநர்

நோர்வேக்கும் தமிழருக்கும் இடையிலான தொடர்பு எப்போது தொடங்கியது? லோறென்ஸ்கூக்கில் எமது வீடுகளில் இந்தக் கேள்வியைக் கேட்டால் மூன்று விதமான பதில்கள் வரும். பிள்ளைகள், தமது அப்பாவோ அம்மாவோ அகதியாக வந்து இறங்கிய ஆண்டைச் சொல்வார்கள். அரசியல் பேசுபவர்கள் 2002 ஆம் ஆண்டின் போர்நிறுத்த உடன்படிக்கையைச் சொல்வார்கள். மூத்தவர்கள், குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் 1956 இல் இங்கு வந்து சேர்ந்த கதையைச் சொல்வார்கள்.

மூன்றும் சரியான பதில்கள்தான். ஆனால் மூன்றிலும் ஒன்றில் நாம் நோர்வேயைத் தேடி வருகிறோம். இல்லாவிட்டால் எமது பிரச்சினைக்கு நோர்வே நடுவராக வருகிறது. இவை எல்லாவற்றுக்கும் முன்னர், ஒரு நோர்வேக்காரர் தமிழ்க் கரை ஒன்றில் 18 ஆண்டுகள் ஆளுநராக இருந்திருக்கிறார் என்பதை எம்மில் பலர் அறியோம். அவர் ஆட்சி செய்த ஊர் தரங்கம்பாடி. பெயர் பேத்தர் அங்கர். ஆட்சி செய்தது மட்டுமல்ல, தான் கண்ட கோட்டையையும் கரையையும் கோயில்களையும் நிலக்காட்சிகளையும் அவர் தாளில் கீறியும் வைத்தார். அந்தப் படங்கள் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் கலாசார வரலாற்று அருங்காட்சியகத்தின் சேமிப்பில் இருக்கின்றன. அந்த அருங்காட்சியகத்தின் கட்டடம் எமது றெயில் நிலையத்தில் இருந்து ஏறக்குறைய அரை மணித்தியாலப் பயணத்தில் உள்ளது.

எமது ஊரின் எதிர்க்கரையைப் பற்றிய இந்தப் படங்களை, இந்த நாட்டில் வளரும் எமது பிள்ளைகளோடு எப்படிப் பார்ப்பது? அதற்கு முதலில் அவை எப்படி உருவாகின என்று அறிய வேண்டும்.

ஒரே அரசர், இரண்டு நாடுகள்

"நோர்வேக்குக் கொலனிகள் இருந்ததில்லை" என்று பிள்ளைகள் வெளியில் கேட்டு வந்து எமக்குச் சொல்வதுண்டு. இது பாதி உண்மை. 1814 வரை நோர்வே தனி அரசாக இருக்கவில்லை. கொப்பன்ஹேகனில் இருந்த அரசரின் கீழ் டென்மார்க்கும் நோர்வேயும் ஒரே முடியாட்சியாக இருந்தன. அந்த அரசரின் கப்பல்களிலும் படையிலும் அலுவலகங்களிலும் நோர்வேயில் பிறந்தவர்களும் வேலை செய்தார்கள். கொலனி டென்மார்க்கின் பெயரில் இருந்தது; அதை நடத்திய கைகளில் நோர்வேக் கைகளும் இருந்தன.

அந்தக் கதையின் முதல் அத்தியாயம் இலங்கையில் தொடங்குகிறது என்பது எமக்கு வியப்பைத் தரலாம். 1618 நவம்பரில் கொப்பன்ஹேகனில் இருந்து புறப்பட்ட கப்பல்கள் 1620 மே மாதம் இலங்கையை அடைந்தன. தலைமை தாங்கியவர் இருபதுகளில் இருந்த ஓவே யெட்டே என்ற இளைஞர். போர்த்துக்கேயருக்கு எதிராகக் கண்டி அரசனுக்கு உதவி, பதிலுக்கு வணிக உரிமை பெறுவது அவர்களின் நோக்கம். கண்டியோடு நடந்த பேச்சு இழுபட்டது. திருகோணமலையில் காலூன்ற எடுத்த முயற்சியும் நிலைக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதரோடு உடன்படிக்கை செய்து, தரங்கம்பாடியில் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். ஓவே யெட்டே பின்னாளில் நோர்வேயின் கொங்ஸ்பெர்க் வெள்ளிச் சுரங்க நிர்வாகத்தில் பொறுப்பு வகித்தார். கொங்ஸ்பெர்க்கில் எமது உறவினர் பலர் வசிக்கிறார்கள். அந்த ஊரின் சுரங்கத்தை நிர்வகித்தவர் அதற்கு முன்னர் திருகோணமலைக் கடலில் நின்றவர் என்பதை அவர்களுக்கும் சொல்லலாம்.

தரங்கம்பாடி காரைக்காலுக்குச் சற்று வடக்கே உள்ளது. 2023 இல் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியதே, அதே கரையில் இன்னும் சிறிது தூரம் மேலே போனால் இந்த ஊர். கடலை ஒட்டிய மாசிலாமணிநாதர் கோயில் 14 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டியர் காலத்தில் எழுந்தது. அக்காலக் கல்வெட்டு ஊரைச் சடங்கன்பாடி என்கிறது. ஆகவே டெனிஷ்காரர் வந்து உருவாக்கிய ஊர் அல்ல இது. ஏற்கெனவே கோயிலும் மீனவரும் வணிகரும் இருந்த ஊருக்குள் அவர்கள் ஒரு கோட்டையோடு வந்தார்கள். தஞ்சை அரசுக்கு ஆண்டுதோறும் பணம் செலுத்தியே அங்கு தங்கியிருந்தார்கள்.

நீண்ட காலம் வணிகக் கம்பனிகளே ஊரை நடத்தின. 1777 இல் அரசர் நேரடியாகப் பொறுப்பெடுத்தார். அதன் பின்னர் ஆளுநர் என்பவர் அரசரின் அலுவலர். பேத்தர் அங்கர் அப்படி வந்தவர்.

கீறத் தெரிந்த ஆளுநர்

அங்கர் 1744 இல், சுவீடன் எல்லையோரம் உள்ள பிரெட்ரிக்ஸ்ஹால்டில் பிறந்தார். இன்றைய ஹால்டன் நகரம் அதுதான். வணிகக் குடும்பம். இங்கிலாந்தில் டென்மார்க்–நோர்வே அரசின் தூதரகப் பணியில் இருந்த பின்னர், 1788 இல் தரங்கம்பாடிக்கு ஆளுநராகப் போனார். 1806 வரை அங்கிருந்தார்.

அவரின் தம்பியை எமது பிள்ளைகள் அறிவார்கள். இங்குள்ள பல பாடசாலைகள் மாணவரை ஐட்ஸ்வோலுக்கு அழைத்துச் செல்கின்றன. 1814 மே 17 இல் நோர்வேயின் அரசியலமைப்பு கையெழுத்தான வீடு அது. அந்த வீட்டின் உரிமையாளர் கார்ஸ்தன் அங்கர், பேத்தரின் தம்பி. கார்ஸ்தனும் கொப்பன்ஹேகனில் ஆசியக் கம்பனியின் பணிப்பாளர்களில் ஒருவராக இருந்தவர். நாம் ஆண்டுதோறும் கொடி பிடித்துக் கொண்டாடும் மே 17 இன் வீட்டுக்கும் தரங்கம்பாடியின் ஆளுநர் மாளிகைக்கும் ஒரே குடும்பப் பெயர் பொருந்துகிறது.

ஓர் ஆளுநர் ஏன் படம் கீற வேண்டும்? அது ஒளிப்படம் வராத காலம். 1839 இல்தான் ஒளிப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னர் படம் கீறுவது ஐரோப்பிய உயர்குடிக் கல்வியின் ஒரு பகுதி. படை அதிகாரிகளுக்கு அது தொழிற் பயிற்சியும் கூட. கோட்டை எங்கே, ஆறு எங்கே, மேடு எங்கே என்று தாளில் காட்டத் தெரியாத அதிகாரி அரைவாசி அதிகாரிதான். பென்சிலால் கோடு கீறி, மையால் இறுக்கி, நீர்வர்ணத்தால் நிழலும் நிறமும் பூசுவது வழமையான முறை. தாளும் வர்ணப் பெட்டியும் ஒரு தோற்பையில் அடங்கும். பல்லக்கில் போகும் வழியில் இறக்கிவைத்துக் கீறலாம்.

அங்கர் அங்கு இருந்த அதே காலத்தில்தான், 1792 முதல் 1793 வரை, தோமஸ் டானியல், வில்லியம் டானியல் என்ற ஆங்கில ஓவியர்கள் தென்னிந்தியா முழுவதும் சுற்றி மதுரை, தஞ்சாவூர், மாமல்லபுரம் போன்ற இடங்களைக் கீறினார்கள். அவர்களின் படங்கள் அச்சாகி இலண்டனில் விலைக்கு வந்தன. பணமுள்ள வீடுகளின் சுவரில் எமது கோபுரங்கள் தொங்கிய காலம் அது. அங்கர் தொழில்முறை ஓவியர் அல்லர். அவருடையவை ஓர் அலுவலரின் ஓய்வுநேரப் பதிவுகள். ஆனாலும் நோர்வேயின் கலைஞர் பற்றிய நூல்களில் அவருக்கும் இடம் உண்டு.

அவரின் ஆட்சிக் காலம் அமைதியானது அல்ல. ஐரோப்பாவில் பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டிருந்தார்கள். நடுநிலைக் கொடி பறந்த டெனிஷ் கப்பல்களுக்கு அது நல்ல வியாபாரக் காலம். ஆங்கிலக் கம்பனியின் அதிகாரிகள் கூடத் தாம் சேர்த்த தனிப்பட்ட பணத்தை டெனிஷ் வழிகளில் ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். ஆனால் நடுநிலை நீண்ட நாள் காப்பாற்றவில்லை. 1801 இல் பிரித்தானியப் படை தரங்கம்பாடியைக் கைப்பற்றி, அடுத்த ஆண்டுதான் திருப்பிக் கொடுத்தது. 1808 இல் மீண்டும் எடுத்து 1815 வரை வைத்திருந்தது. கடைசியில் 1845 இல் டென்மார்க் தரங்கம்பாடியையும் வங்காளத்தில் இருந்த சிராம்பூரையும் சேர்த்து 12.5 இலட்சம் ரூபாவுக்கு ஆங்கிலக் கம்பனிக்கு விற்றது. ஊர் மக்களின் சம்மதம் அந்த விற்பனைக்குத் தேவைப்படவில்லை.

அங்கர் அதற்கு நெடுங்காலம் முன்னரே நாடு திரும்பிவிட்டார். 1832 இல் ஒஸ்லோவின் மேற்குப் புறத்தில் உள்ள ஊராக்கரில் காலமானார். அவர் சேர்த்த வெண்கலத் திருமேனிகள் கொப்பன்ஹேகனுக்குப் போயின. படங்கள் ஒஸ்லோவில் தங்கின.

படம் சொல்வது

இவ்வகைப் படங்களால் எமக்கு என்ன பயன்? ஒரு சிறிய அனுபவத்தைச் சொல்கிறோம். அக்காலத் தரங்கம்பாடிக் கரையைக் காட்டும் பழைய படம் ஒன்றின் பிரதியை நாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு மேசையில் வைத்திருந்தோம். பிள்ளைகள் கோட்டையைப் பார்த்தார்கள், கொடியைப் பார்த்தார்கள். கொடி அவர்களுக்குத் தெரிந்த டென்மார்க் கொடி. அம்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். கோட்டையை அவர் பார்க்கவே இல்லை.

"இஞ்ச பாருங்கோ, இது கட்டுமரம். மரத்தைச் சேர்த்துக் கட்டினது. உவன் முழங்காலில நிண்டெல்லோ வலிக்கிறான். எங்கட ஐயாவும் உப்பிடித்தான் போறவர்."

"அம்மம்மா, கத்தமரான் எண்டு நாங்களும் சொல்லுறனாங்கள். அது நோர்ஸ்க் சொல்லு."

"ஆர் சொன்னது? கட்டு மரம். கட்டின மரம். தமிழ்ச் சொல்லு."

ஒஸ்லோ பியோர்டில் ஓடும் விரைவுப் படகுக்கு எமது பிள்ளைகள் சொல்லும் பெயர் தமிழ்க் கரையில் இருந்து போன சொல் என்பதை அன்றுதான் அவர்கள் நம்பினார்கள். படம் கையில் இல்லாவிட்டால் அந்தப் பேச்சே வந்திருக்காது.

தரங்கம்பாடியில் துறைமுகம் இல்லை. பெரிய கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் பொருளும் கரைக்கு வர, அலையைத் தாண்டும் படகுகள் வேண்டும். அதற்கென்று இருந்தவை, பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகுகள். ஆணி அடித்த படகு அலை மோதும்போது உடையும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். ஐரோப்பியர் இவற்றை மசூலாப் படகு என்று எழுதினார்கள். சோழமண்டலக் கரையை வரைந்த ஐரோப்பியப் படங்கள் பலவற்றில் இந்தப் படகுகளும் கட்டுமரங்களும் இருக்கும். ஆளுநர்களும் பாதிரிமாரும் வெள்ளிப் பெட்டிகளும் கரை சேர்ந்தது எமது மீனவரின் தோளிலும் துடுப்பிலும்தான். எழுத்து ஆவணங்களில் ஒரு வரியாக மறைந்துபோகும் அந்தத் தொழில், படங்களில் கண்ணுக்குத் தெரியும்படி நிற்கிறது.

கட்டடங்களுக்கும் இது பொருந்தும். தரங்கம்பாடியில் இன்றும் நிற்கும் நகர வாயிலில் 1792 என்ற ஆண்டு இருக்கிறது. அது அங்கரின் காலம். ஆளுநர் மாளிகையும் கோட்டையும் அண்மைக் காலத்தில் திருத்தப்பட்டுள்ளன. கூரை எப்படி இருந்தது, தூண்கள் எத்தனை, மதில் எங்கே முடிந்தது என்று அறிய இத்தகைய பழைய படங்கள் சாட்சி. கடலரிப்பு மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியையே கொண்டுபோய்விட்டது. 2004 ஆழிப்பேரலை அந்த ஊரையும் தாக்கியது. கரை முன்பு எங்கே இருந்தது என்று கேட்பவருக்கு, இருநூறு ஆண்டுக்கு முந்திய ஒரு கோடு கூடப் பெறுமதியானது.

படங்களின் பெறுமதியை எமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 வரையான நூல்களும் ஏடுகளும் போயின. அதன் பின்னர் இடம்பெயர்வுக்கு மேல் இடம்பெயர்வு. எம்மில் எத்தனை வீடுகளில் அப்பாவின் கலியாணப் படம் இருக்கிறது? ஒரு குடும்பம் எதை விட்டுவிட்டு ஓடியது என்று கேட்டால் முதலில் காணியையும் நகையையும் சொல்வார்கள்; சற்றுப் பொறுத்து அல்பத்தைச் சொல்வார்கள். எமது கையால் எடுத்த படங்கள் அழிந்த இடத்தில், மற்றவர் கையால் கீறிய படங்கள் பத்திரமாக இருக்கின்றன. அவற்றை வேண்டாம் என்று தள்ள எம்மால் முடியாது. அப்படியே நம்பவும் முடியாது.

படம் சொல்லாதது

ஏன் நம்ப முடியாது? அக்கால ஐரோப்பிய ஓவியரிடம் ஒரு வழக்கம் இருந்தது. முன்னால் ஒரு பக்கத்தில் பெரிய மரம், நடுவில் நீர்நிலை, தூரத்தில் பாழடைந்த கோபுரம், மரத்தடியில் இரண்டு மூன்று சிறிய மனிதர்கள். அழகான நிலக்காட்சி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது அவர்களின் ரசனை. இத்தாலியை வரைந்தாலும் தஞ்சாவூரை வரைந்தாலும் அதே அமைப்பு. இதில் அந்தச் சிறிய மனிதரின் வேலை என்ன? கோபுரம் எவ்வளவு உயரம் என்று காட்டுவது. அளவுகோலாக நிற்கும் மனிதருக்கு முகம் தேவையில்லை, பெயரும் தேவையில்லை.

பூசை நடக்கும் கோயில் பழங்காலச் சின்னமாகத் தெரிகிறது. நெசவாளர் நெய்த துணிக்காகத்தான் இந்த ஐரோப்பியர் எல்லாரும் அங்கு வந்தார்கள். ஆனால் தறிக்குழியில் இருந்தவரின் கடனைப் படம் காட்டாது. பல்லக்கு படத்தில் இருக்கும். சுமந்தவரின் தோற்புண் இருக்காது. குடை இருக்கும், குடை பிடித்தவர் எத்தனை மணித்தியாலம் வெயிலில் நின்றார் என்பது இருக்காது.

இதில் பழியை முழுவதும் வெளியாரின் தலையில் போட்டுவிட்டு நாம் விலகவும் முடியாது. அந்தக் கொலனி தமிழ்த் துபாசிகள் இல்லாமல் ஒரு நாளும் நடந்திராது. வணிகரும் கணக்கரும் அதில் இலாபம் கண்டார்கள். யார் பல்லக்கில் இருப்பது, யார் சுமப்பது என்பதை டெனிஷ்காரர் வருவதற்கு முன்னரே எமது சாதி ஒழுங்கு முடிவு செய்திருந்தது. 18 ஆம் நூற்றாண்டின் கடைசியில் தரங்கம்பாடித் தெருக்களில் வலங்கை, இடங்கைச் சாதியார் மோதிக்கொண்டதும் வரலாறு. ஆளுநரின் படத்தில் முகமில்லாமல் நிற்கும் மனிதர், எமது முன்னோர் சிலரின் கண்ணிலும் முகமில்லாதவராகவே இருந்தார்.

இலங்கையில் இருந்தும் ஓர் உதாரணம் சொல்லலாம். பெல்பாஸ்ட் நகரைச் சேர்ந்த அண்ட்ரூ நிக்கல் 1846 இல் கொழும்புக்கு ஓவிய ஆசிரியராக வந்தார். 1848 இல் அவர் அனுராதபுரம் முதலிய பழைய நகரங்களின் இடிபாடுகளைக் கீறப் புறப்பட்ட வேளையில், மாத்தளையிலும் கண்டிப் பகுதியிலும் வரிகளுக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தது. படைச்சட்டம் பிறப்பிக்கப்பட்டது. கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான புரன் அப்பு அந்த ஓகஸ்ட் மாதத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். நிக்கலின் நீர்வர்ணப் படங்களோ அமைதியானவை. காடு, குளம், தாதுகோபம், மாலை வெளிச்சம். அவர் பொய் கீறவில்லை. கண்ட இடிபாட்டைத்தான் கீறினார். அந்தத் தாளின் விளிம்புக்கு வெளியே என்ன நடந்தது என்பதைப் படம் சொல்லவில்லை, அவ்வளவுதான். 2009 இன் கடைசி மாதங்களில் எமது கரை எரிந்தபோது, தெற்கே உல்லாசப் பயணிகள் எடுத்த கடற்கரைப் படங்களும் உண்மைப் படங்களாகத்தான் இருந்தன.

எமது கையும் தூரிகை பிடித்தது

கீறியவர் ஐரோப்பியர், கீறப்பட்டவர் தமிழர் என்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லி நிறுத்தினால் அதுவும் பிழை. அங்கரின் காலத்தில், தரங்கம்பாடிக்கு அருகேயே, தஞ்சாவூர் ஓவியர்கள் ஐரோப்பியர் வாங்குவதற்காகத் தாளில் படங்கள் தீட்டிக்கொண்டிருந்தார்கள். நெசவாளரும் மனைவியும், குயவரும் மனைவியும், தட்டாரும் மனைவியும் என்று தொழில்தோறும் சோடியாக நிற்கும் படங்கள் அவை. திருச்சிராப்பள்ளியில் மைக்கா என்ற அபிரகத் தகட்டிலும் தீட்டினார்கள். வாங்கியவரின் விருப்பப்படி தீட்டப்பட்டவைதான் என்றாலும், சேலைக்கட்டும் நகையும் கருவியும் உள்ளூர்க் கண்ணின் துல்லியத்தோடு இருக்கும்.

அவர்களில் பெரும்பாலானோரின் பெயர் பதியப்படவில்லை. பதியப்பட்ட சிலரில் ஒருவர் வேலூர் எல்லப்பா. 1830 களில் அவர், தான் அமர்ந்து ஓவியம் தீட்டிக்கொண்டிருக்கும் காட்சியையே ஓர் ஓவியமாகத் தீட்டினார். மற்றவரை வகைவகையாகத் தீட்டிக் கொடுத்து வயிறு வளர்த்த கலைஞர் ஒருவர், இதைத் தீட்டுவது நான்தான் என்று பதிந்துவிட்டுப் போயிருக்கிறார். அங்கரின் படங்களைப் பார்க்கும் பிள்ளைக்கு எல்லப்பாவின் படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும்.

பிள்ளைகளோடு எப்படிப் பார்ப்பது?

நாம் வீட்டில் பழகி வரும் முறையைச் சொல்கிறோம். எந்தப் பழைய படத்துக்கும் நான்கு கேள்விகள்.

முதலாவது, கீறியவர் எங்கே நின்றார்? கப்பலில் இருந்தா, கோட்டை மதிலில் இருந்தா, மாளிகை விறாந்தையில் இருந்தா? நின்ற இடத்தைக் கண்டுபிடித்தாலே பாதி விளங்கும். தெருவில் நிலத்தில் இருந்து பார்க்கும் படம் மிகக் குறைவு.

இரண்டாவது, படத்தில் யார் வேலை செய்கிறார், யார் சும்மா நிற்கிறார்? விரல் வைத்து எண்ணச் சொன்னால் பிள்ளைகள் ஆர்வமாக எண்ணுவார்கள். பெண்கள் எத்தனை பேர் என்றும் எண்ணச் சொல்லலாம்.

மூன்றாவது, தாளின் விளிம்புக்கு வெளியே என்ன இருந்தது? இதற்குப் படத்தின் ஆண்டு தேவை. 1801 என்றால் பிரித்தானியப் படை. 1848 என்றால் மாத்தளை. வரலாற்றுப் புத்தகத்தைத் திறக்க வைக்கும் கேள்வி இதுதான்.

நான்காவது, இந்தத் தாள் இங்கே எப்படி வந்தது? யார் கொண்டுவந்தார், யார் பாதுகாத்தார், இப்போது யார் பார்க்கலாம்? கொப்பன்ஹேகனில் உள்ள வெண்கலத் திருமேனிகளுக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. தாளில் கீறிய கோயில், கோயிலிலேயே இருக்கிறது. எடுத்துவந்த திருமேனி அங்கு இல்லை.

நீர்வர்ணப் படங்கள் வெளிச்சத்தில் மங்கும். ஆகவே அருங்காட்சியகங்கள் அவற்றை எந்நேரமும் சுவரில் தொங்கவிடுவதில்லை. ஒஸ்லோவுக்குப் போய் வாசலில் நின்று தேடினால் ஏமாற்றமாக இருக்கலாம். முன்கூட்டியே எழுதி, எந்தப் படங்களைப் பார்க்கலாம் என்று கேட்பது நல்லது. பாடசாலையில் கொலனித்துவம் பற்றி ஒப்படை செய்யும் பிள்ளைக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைக்காது. நோர்வேயின் வரலாறும் எமது வரலாறும் ஒரே தாளில் இருக்கின்றன; அதை நோர்வே மொழியில் வகுப்பில் எடுத்துச் சொல்லவும், தமிழில் அம்மம்மாவிடம் கேட்டு விளங்கவும் கூடிய பிள்ளைகள் எமது வீடுகளில்தான் இருக்கிறார்கள்.

இப்போது எமது கையில்

கடைசியாக ஒன்று. கோடை விடுமுறைக்கு நாம் ஊருக்குப் போகிறோம். பிள்ளைகளின் கையில் நல்ல கைத்தொலைபேசி இருக்கும். வெள்ளாப்பில் வலை இழுக்கும் மனிதர், சந்தையில் மரவள்ளி விற்கும் அம்மா, ஓடு விழுந்த பழைய நாற்சார் வீடு, செல்லடி பட்ட சுவர். எடுத்து உடனே அனுப்புகிறார்கள். படம் அழகாக இருக்கும். வலை இழுத்தவரின் பெயரைக் கேட்டீர்களா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை. எமக்குக் கூட அது தோன்றுவதில்லை. வாடகை வாகனத்தின் யன்னலில் இருந்து எடுத்த படங்கள் எமது அல்பத்திலும் எத்தனையோ உண்டு.

இருநூறு ஆண்டுக்கு முன் விறாந்தையில் இருந்து கீறிய ஆளுநரைக் குறை சொல்லிவிட்டு, அதே தூரத்தில் இருந்து நாமும் ஊரைப் பார்க்கப் பழகுகிறோமோ என்ற பயம் எமக்கு உண்டு. அவர் அந்நியர், நாம் உறவினர். அந்த வேறுபாடு படத்தில் தெரிய வேண்டுமானால் கிட்டப் போய்க் கதைக்க வேண்டும். ஆகவே இந்த ஆண்டு பயணப் பெட்டியைக் கட்டும்போது பிள்ளைகளோடு ஓர் ஒப்பந்தம் செய்திருக்கிறோம். ஒருவரைப் படம் எடுப்பதானால் முதலில் கேட்க வேண்டும். எடுத்த பின் அவரின் பெயரையும் ஊரையும் தொழிலையும், அவர் விரும்பினால் மட்டும், கொப்பியில் தமிழில் எழுத வேண்டும். அந்தப் படத்தின் ஒரு பிரதி அவருக்கும் போய்ச் சேர வேண்டும்.

அம்மம்மாவையும் விடவில்லை. அவரின் ஐயா கட்டுமரத்தில் போனவர். அவருக்கு ஒரு படம் கூட இல்லை. பேரப்பிள்ளை ஒருத்தி வர்ணப் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு, அம்மம்மா சொல்லச் சொல்ல அவரைக் கீறத் தொடங்கியிருக்கிறாள். முகம் இன்னும் சரிவரவில்லை. மூக்கு உப்பிடி இல்லை என்று அம்மம்மா மூன்று தரம் அழிக்க வைத்துவிட்டார். தாளின் கீழே பெயர் மட்டும் முதலிலேயே எழுதியாயிற்று.